காலி பிளக் பாயிண்ட்டின் சுவிட்சை அணைப்பதால் என்ன பயன்? மயிலாடுதுறை வீடொன்றில் அளந்து பார்த்த ஆய்வு

2023 ஜனவரியில், மயிலாடுதுறையில் உள்ள என் பெற்றோரின் வீட்டில் ஒரே வாரத்துக்குள் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கான கணக்கெடுப்பில் 521 யூனிட் வந்தது. குளிர்காலத்தில் அந்த வீடு 500 யூனிட்டைத் தாண்டியது அதுவே முதல் முறை. அதற்கு நான்கு நாள் கழித்து, கொல்லைப்புறத்தில் வெந்நீர் போட்டிருந்த பிளாஸ்டிக் வாளிக்குள் அம்மா கை விட்டபோது சுருக்கென்று மின்சாரம் தாக்கியது. ஹீட்டர் ராடின் சுவிட்சை அப்பா அதற்கு முன்பே அணைத்திருந்தார். அம்மாவின் காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கையை உதறியதோடு தப்பினார்.

அப்பா கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு பத்து மணிக்கு வீடு முழுவதும் ஒரு சுற்று வந்து, எதுவும் சொருகப்படாத பாயிண்ட்டுகள் உட்படக் கைக்கு எட்டும் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுத்தான் படுப்பார். "பாயிண்ட் ஆன்ல இருந்தா கரண்டு கசிஞ்சுகிட்டே இருக்கும், பணமும் போகும், ஆபத்தும் வரும்" என்று அவர் சொல்லிக் கேட்டே நானும் என் தங்கையும் வளர்ந்தோம். அந்த ஒரே பழக்கத்திலிருந்து அவர் எதிர்பார்த்த இரண்டு பலன்களும் அந்த வாரம் பொய்த்துப் போயின. மின்பொறியியல் படித்தவன் என்ற முறையில், பழக்கம் தவறா, வீடு தவறா என்று கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது என்று நினைத்தேன். பொங்கல் விடுமுறையோடு இன்னும் சில நாள் விடுப்பு எடுத்து, அந்த வீட்டின் 41 பிளக் பாயிண்ட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். அதன் பதிவே இது.

எதுவும் சொருகாத பாயிண்ட்

முதலில், அப்பாவின் கூற்றின் முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் ஓடுவதற்குப் போகும் வழியும் திரும்பும் வழியும் வேண்டும். பாயிண்ட்டின் வலது துளையில் மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் இடது துளையில் அது திரும்பும் நியூட்ரல் கம்பியும் வந்து நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு கருவி சொருகப்படாத வரை, சுவிட்ச் போட்டிருந்தாலும் அங்கே மின்னழுத்தம் மட்டும் இருக்கிறதே தவிர மின்னோட்டம் இல்லை. மூடிய குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்பதைப் போன்றது இது. குழாயைத் திறக்காமல் தொட்டி குறைவதில்லை. கம்பிகளின் காப்புறை வழியாகச் சிறிதளவு கசிவு எல்லா வீட்டிலும் உண்டு என்றாலும், நல்ல நிலையில் உள்ள கம்பியில் அது மைக்ரோஆம்பியர் கணக்கில் வருவது; அதில் செலவாகும் சக்தி ஒரு பொருட்டே அல்ல.

இதைச் சொல்லால் நிறுவுவதைவிட அப்பாவின் கண்முன்னே காட்டுவது நல்லது என்று கருதினேன். மின்வாரியம் பொருத்திய டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதன் அருகில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் அது 3200. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. அப்படியானால் ஒரு சிமிட்டல் என்பது ஒரு யூனிட்டில் 3200-ல் ஒரு பங்கு, அதாவது 0.3125 வாட்-மணி. இரண்டு சிமிட்டல்களுக்கு இடையே எத்தனை வினாடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்து, 1125-ஐ அந்த எண்ணால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் எடுக்கிறது என்பது கிடைத்துவிடும். இந்த எளிய கணக்கு எல்லா வீட்டிலும் செய்யக்கூடியது. மீட்டரில் அச்சிட்டுள்ள எண் வேறாக இருந்தால், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வருவதை 1125-க்குப் பதிலாகக் கொள்ள வேண்டும்.

எல்லாக் கருவிகளையும் பிடுங்கி வைத்துவிட்டு, விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைத்துவிட்டு, 41 பாயிண்ட்டுகளின் சுவிட்சுகளையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் மீட்டரின் முன் நின்றோம். ஒரு சிமிட்டலும் இல்லை. ஆனால் இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு: மிகச் சிறிய மின்னோட்டத்தை எந்த வீட்டு மீட்டரும் பதிவு செய்யத் தொடங்குவதில்லை. எனவே 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு மீட்டரை ஓட வைத்து, சுவிட்சுகள் எல்லாம் போட்ட நிலையில் இருபது சிமிட்டல்களுக்கும், எல்லாம் அணைத்த நிலையில் இருபது சிமிட்டல்களுக்கும் ஆகும் நேரத்தை மாற்றி மாற்றி மூன்று முறை குறித்தோம். மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் வரும் வினாடிக் கணக்கு வேறுபாட்டைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுவிட்ச் போர்டுகளில் எரியும் சிறு சிவப்பு இண்டிகேட்டர் விளக்குகள் கொஞ்சம் எடுக்கும் என்பது உண்மை. ஆனால் அவை ஒரு வாட்டில் சிறு பகுதியையே எடுப்பவை, பெரும்பாலான போர்டுகளில் பாயிண்ட்டின் சுவிட்சை அணைத்தாலும் எரிந்துகொண்டேயிருப்பவை.

பாயிண்ட்டுக்குச் சுவிட்ச் வைப்பதே உலகம் முழுவதும் உள்ள வழக்கம் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் சுவர்ப் பாயிண்ட்டுகளுக்குப் பொதுவாகச் சுவிட்சே கிடையாது. நம்முடைய மூன்று உருளைக் கம்பிப் பிளக்குகள் பிரிட்டனின் பழைய 5 ஆம்பியர், 15 ஆம்பியர் வகைகளிலிருந்து வந்து, இந்தியத் தரநிலையில் 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று நிலைத்தவை. சுவிட்சோடு சேர்ந்த பாயிண்ட் என்ற வழக்கமும் அந்த மரபோடு வந்ததே. காலி பாயிண்ட் மின்சாரத்தைக் கசியவிடும் என்றால், அந்த நாடுகளின் வீடுகளில் இரவும் பகலும் கசிந்துகொண்டேயிருக்க வேண்டும்.

அப்பா அரை மணி நேரமும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்போ இந்த 521 எங்கேருந்து வந்துச்சு?" என்பதுதான் அவர் கேட்ட அடுத்த கேள்வி. அது மிகச் சரியான கேள்வி.

கணக்கில் காணாமல் போன ஐம்பது யூனிட்

கருவிகளைத் திரும்பச் சொருகி, எதையும் இயக்காமல், ரிமோட்டில் அணைத்த நிலையிலேயே ஒவ்வொன்றையும் அளந்தோம். 6 ஆம்பியர் பிளக்குகளுக்கு, இடையில் சொருகி அளக்கும் சிறிய வாட் மீட்டரைப் பயன்படுத்தினேன். 16 ஆம்பியர் பிளக்குகளில் அது பொருந்தாது என்பதால், அவற்றுக்கு மீட்டரின் சிமிட்டலையே நம்பினோம்.

பெரிய திருடர்கள் மாடியில் இருந்தார்கள். இரண்டு ஏசிகளுக்கும் தனித்தனி ஸ்டெபிலைசர்கள், கூரையை ஒட்டி, நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும் உயரத்தில் இருந்தன. அக்டோபர் முதல் ஏசியை யாரும் தொடவில்லை. ஆனால் ரிமோட்டில் ஏசியை அணைத்தாலும் ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மின்சாரத்தோடு இணைந்தேதான் இருக்கிறது. அதன் இரும்புக் கருவைக் காந்தமாக்கவும் உள்ளே உள்ள மின்னணுப் பலகையை இயக்கவும் அது எந்நேரமும் எடுத்துக்கொண்டிருக்கும். ஏசிகள் தாமே அணைந்த நிலையிலும் எடுக்கும் காத்திருப்புச் செலவும் சேர்ந்து இரண்டு அறைகளும் 15 வாட் எடுத்தன. மீட்டர் 75 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டியது. இரண்டு மாதம் என்பது 1440 மணி நேரம். 15 வாட்டை அதனால் பெருக்கினால் 21.6 யூனிட். அதாவது, அந்தக் கட்டணக் காலத்தில் ஒரு நிமிடமும் குளிர்ந்த காற்று வராமலேயே ஏசி அறைகள் ஏறத்தாழ 22 யூனிட் எடுத்துவிட்டன.

அடுத்தது டிவிக்குக் கீழே இருந்த செட்டாப் பாக்ஸ். டிவி நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. ரிமோட்டில் அணைத்தால் ஒரு வாட்டுக்கும் குறைவு. செட்டாப் பாக்ஸோ ஓடும்போது 10 வாட், ரிமோட்டில் அணைத்த பிறகு 9 வாட். அணைப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது அதன் முகப்பு விளக்கை மட்டுமே. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பார்க்கிறார்கள் என்று கொண்டால், மீதி 19 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 10 யூனிட் ஆகிறது. தங்கையின் பழைய கணினிக்கு வைத்திருந்த யூபிஎஸ், கணினி அணைந்திருக்கும்போதும் 7 வாட். அது 9 யூனிட். திருவிழாவுக்குத் திருவிழா ஒலிக்கும் ஹோம் தியேட்டர் பெட்டி 4 வாட். அது கிட்டத்தட்ட 6 யூனிட். மணி காட்டிக்கொண்டிருந்த மைக்ரோவேவ் அடுப்பு 2 வாட். அது 3 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஏறத்தாழ 50.

இவற்றில் ஒன்றுகூட அப்பாவின் இரவுச் சுற்றில் இல்லை. ஸ்டெபிலைசர் சுவிட்ச் கைக்கு எட்டாது. யூபிஎஸ் மேசைக்குப் பின்னால் இருந்தது. செட்டாப் பாக்ஸை அணைத்தால் காலையில் மறுபடி படம் வர நேரமாகிறது என்பதால் அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவர் தவறாமல் அணைத்து வந்தவை காலி பாயிண்ட்டுகளும் செல்போன் சார்ஜர்களும். ஐந்து சார்ஜர்களையும் ஒன்றாக வைத்து அளந்தபோது வாட் மீட்டர் சுழியத்தையே காட்டியது. இப்போதைய சார்ஜர்கள் போன் இணைக்காதபோது மிகக் குறைவாகவே எடுப்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அவற்றுக்கு 0.1 வாட் என்று வரம்பு கட்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் ஐந்தும் இரண்டு மாதம் முழுக்கச் சொருகியே இருந்தாலும் முக்கால் யூனிட்டுக்கு மேல் போகாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்த கனமான சார்ஜர்கள் அப்படி அல்ல. கையில் தொட்டால் சுடும் அளவுக்கு அவை சும்மாவே எடுத்தன. அப்பாவின் பழக்கம் அந்தக் காலத்துச் சார்ஜர்களைப் பொறுத்தவரை நியாயமானதுதான்.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மெய்யர் 1990-களில் இந்தக் காத்திருப்புச் செலவை வீடு வீடாக அளந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். எந்தக் கருவியும் காத்திருப்பில் ஒரு வாட்டைத் தாண்டக் கூடாது என்ற திட்டத்தைச் சர்வதேச எரிசக்தி முகமை 1999-ல் முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் இயற்றிய விதியின்படி பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு 2010 முதல் ஒரு வாட், 2013 முதல் அரை வாட் என்று வரம்பு வந்தது. எங்கள் டிவி ஒரு வாட்டுக்குள் அடங்கியதற்கும் செட்டாப் பாக்ஸ் அடங்காததற்கும் உள்ள வேறுபாடு பயன்படுத்துபவரின் ஒழுக்கத்தில் இல்லை. கருவியை வடிவமைத்தவர் எடுத்த முடிவில் இருக்கிறது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் மின்கட்டணம் கூடினால் உடனே வீட்டில் உள்ளவர்களின், அதிலும் பெண்களின், கவனக்குறைவின் மேல் பழி விழுகிறது.

இனி பணக் கணக்கு. அப்போது நடைமுறையில் இருந்தது 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த கட்டண வீதம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 2.25 என்ற படியே இல்லாமல் போய், 101 முதல் 400 வரை 4.50, பிறகு 6, 501 முதல் 600 வரை 8 ரூபாய். எனவே 521 யூனிட்டுக்கு 2118 ரூபாய் ஆயிற்று. 50 யூனிட் குறைந்து 471 ஆகியிருந்தால் 1551 ரூபாய்தான் ஆகியிருக்கும். வித்தியாசம் 567 ரூபாய். இதில் 225 ரூபாய் படி மாறியதால் மட்டும் வந்தது. நம் மாநிலத்தின் படிக்கட்டு வீதத்தில், விளிம்பில் நிற்கும் வீட்டுக்குக் காத்திருப்புச் செலவு அதன் யூனிட் அளவைவிடப் பெரிதாக அடிக்கிறது. விளிம்பில் இல்லாத வீட்டுக்கு, உதாரணமாக 300 யூனிட் எடுக்கும் வீட்டுக்கு, அதே 50 யூனிட் 225 ரூபாய்தான்.

சுவிட்ச் அணைந்தும் உயிரோடிருந்த கம்பி

மின்சிக்கனத்தைப் பற்றிய கேள்விக்கு இரண்டு நாளில் விடை கிடைத்துவிட்டது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கொல்லைப்புற வாளி. சுவிட்ச் அணைந்த பிறகு தண்ணீரில் மின்சாரம் எப்படி வந்தது?

அந்தப் போர்டு 2009-ல் மாடி கட்டியபோது, கட்டட வேலைக்கு வந்த உதவியாள் ஒருவர் சேர்த்துக் கொடுத்தது. துவைக்கும் இடத்துக்கு ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட். அதில் காலையில் ஹீட்டர் ராடு, பிறகு வாஷிங் மெஷின். ராடைப் பிடுங்கிவிட்டு, பாயிண்ட்டின் சுவிட்சை அணைத்துவிட்டு, டெஸ்டரை வலது துளையில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. நியான் டெஸ்டர் சில நேரம் எங்கும் இணையாத கம்பியில்கூடத் தூண்டல் மின்னழுத்தத்தால் மங்கலாக எரியும் என்பதால், மல்டிமீட்டரை வைத்து உறுதி செய்தேன். பேஸ் துளைக்கும் பக்கத்துப் போர்டின் எர்த்துக்கும் (தரையோடு இணைத்த பாதுகாப்புக் கம்பி) இடையே முழு மின்னழுத்தம் இருந்தது.

வீட்டுப் பாயிண்ட்டின் சாதாரணச் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கும். அது பேஸ் கம்பியாக இருக்க வேண்டும் என்பது விதி. சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்று நிறம் பிரித்திருப்பதே இதில் தவறு நேரக் கூடாது என்பதற்காகத்தான். அந்தப் போர்டுக்கு வந்த இரண்டு கம்பிகளும் ஒரே சிவப்பு. சுருளில் மீந்ததை வைத்து இழுத்திருக்கிறார்கள். எது எதுவென்று தெரியாமல் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் கோத்துவிட்டார்கள். இப்படிக் கோத்தாலும் கருவி ஒழுங்காக ஓடும், சுவிட்சை அணைத்தால் ஒழுங்காக நிற்கும். பதினான்கு ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வராததற்கு அதுவே காரணம். ஆனால் கருவி நின்ற பிறகும் பேஸ் கம்பி அதன் உடல் வரை வந்து நிற்கிறது. சுவிட்ச் போட்டிருக்கும்போது கருவியின் ஒரு முனையில்தான் 230 வோல்ட். அணைத்த பிறகோ, திரும்பும் வழி அறுந்துவிட்டதால், உள்ளே இருக்கும் சுருள் முழுவதும் 230 வோல்ட்டில் இருக்கிறது. அப்பா சுவிட்சை அணைத்தது அம்மாவைக் காக்கவில்லை; தண்ணீரில் தைரியமாகக் கை விடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் கொடுத்தது.

ராடின் மேலுறையில் மயிரிழை போன்ற விரிசல் ஒன்று இருந்தது. பாயிண்ட்டின் மேல் துளைக்கு எர்த் கம்பி கொடுக்கப்படவே இல்லை. பெட்டிக்குள் அந்த முனை வெறுமையாக இருந்தது. கம்பி மாறிக் கோத்தது, எர்த் இல்லாதது, ராடில் விரிசல் விட்டது ஆகிய மூன்றும் சேர்ந்ததால் வாளித் தண்ணீர் மின்னேறி நின்றது. வாளி பிளாஸ்டிக் என்பதால் யாராவது கை வைக்கும் வரை மின்சாரத்துக்குத் தரைக்குப் போக வழி இல்லை. அம்மா வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என்னால் முடியவில்லை.

இதற்குப் பிறகு 41 பாயிண்ட்டுகளையும் டெஸ்டரால் சோதித்தோம். கருவியைப் பிடுங்கிய நிலையில், சுவிட்ச் போட்டிருக்கும்போது வலது துளையில் மட்டும் எரிய வேண்டும். அணைத்ததும் எதிலும் எரியக் கூடாது. நான்கு பாயிண்ட்டுகள் தேறவில்லை: கொல்லைப்புறத்தில் ஒன்று, மாடியில் மூன்று. நான்கும் 2009-ன் வேலை. 1994-ல் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் செய்த கீழ்த்தளத்தில் ஒரு தவறும் இல்லை. அதே மாடியில் ஓர் அறையின் எல்இடி பல்பு, சுவிட்சை அணைத்த பிறகும் இரவில் மங்கலாக மின்மினி போல எரிந்துகொண்டிருப்பதைத் தங்கை பல முறை சொல்லியிருக்கிறாள். நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. இண்டிகேட்டர் விளக்கு உள்ள சுவிட்சாலும், நீளமான கம்பிகள் அருகருகே ஓடுவதாலும்கூட அப்படி நேரலாம். ஆனால் அந்த அறையில் காரணம், விளக்கின் சுவிட்சும் நியூட்ரலில் இருந்ததுதான். அணைத்த எல்இடி மங்கலாக எரிந்தால் அதை ஒரு புகாராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாரம் நான் கற்றது.

வெந்நீர்க் கீசரின் பாயிண்ட்டில் வேறொரு குறை இருந்தது. பிளக்கைப் பிடுங்கியபோது பேஸ் துளையின் ஓரம் பழுத்துக் கறுத்திருந்தது. 2000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் எடுக்கும். துளைக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால், அந்தச் சிறு புள்ளியில் மட்டும் ஏழரை வாட் வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் பித்தளை மேலும் தளர்கிறது. தளர்வால் வெப்பம் மேலும் கூடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, இந்த வெப்பம் கீசர் ஓடும்போது மட்டுமே பிறக்கிறது என்பது. ஓடாத நேரத்தில் சுவிட்சை அணைத்து வைப்பது இந்த நோயைத் தொடுவதே இல்லை. பிளக் இறுகப் பிடிக்கிறதா, பத்து நிமிடம் ஓடிய பிறகு தொட்டால் சுடுகிறதா என்று பார்ப்பதும், தளர்ந்த பாயிண்ட்டை மாற்றுவதுமே மருந்து.

இவ்வளவுக்குப் பிறகும், சுவிட்சை அணைக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் அப்போதுதான் சொன்னார். 2012-ல் சென்னைக்கு வெளியே தமிழகம் முழுவதும் நாளில் பல மணி நேரம் மின்தடை இருந்த காலத்தில், ஒரு நாள் காலை சட்டை தேய்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அயர்ன் பாக்ஸை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பகலில் கரண்ட் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டார் புகையைப் பார்த்துப் பின்கதவை உடைத்து உள்ளே போனார்கள். மேசையும் மேலே கிடந்த துணியும் கருகியதோடு போயிற்று. அந்த நிகழ்வில் பாயிண்ட்டின் சுவிட்சை அணைத்திருந்தால் எதுவும் நேர்ந்திருக்காது. அயர்ன் பாக்ஸ், மின் அடுப்பு, ஹீட்டர் ராடு போன்ற சூடாக்கும் கருவிகளுக்கும், கை வைத்துக் கழுவ வேண்டிய மிக்ஸி, கிரைண்டருக்கும் சுவிட்சை அணைப்பது உண்மையான பாதுகாப்பு. நான் சொல்வது, அது பிளக்கைப் பிடுங்குவதற்கு ஈடாகாது என்பது மட்டுமே. பிளக்கைப் பிடுங்கினால் கம்பி மாறியிருந்தாலும் ஆபத்தில்லை.

ஐப்பசி இடிமழையிலும் இதே கதைதான். சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி மின்னல் தூண்டும் மின்னழுத்தத்தை நிறுத்தும் என்று நம்ப முடியாது. நியூட்ரல் கம்பியும் ஆன்டெனா கேபிளும் இணைந்தேதான் இருக்கின்றன. டிவியைக் காக்க வேண்டுமென்றால் மின்பிளக், கேபிள் இரண்டையும் இடி தொடங்கும் முன்பே பிடுங்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் காலி பாயிண்ட்டின் சுவிட்சை அணைத்து வைப்பது நல்லதே. ஆனால் குழந்தையால் சுவிட்சைப் போடவும் முடியும். துளைகளுக்கு உள்மூடி உள்ள பாயிண்ட் அதைவிட நம்பகமானது.

செய்த மாற்றங்கள்

வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரிடம் கொடுத்தோம். போர்டைத் திறந்து பார்த்ததும் அவர், "ஐயா, இதை இத்தனை வருஷம் கைபட விட்டு வச்சிருந்தீங்களே" என்று அப்பாவிடம் சொன்னார். நான்கு பாயிண்ட்டுகளிலும் பேஸையும் நியூட்ரலையும் முறைப்படி மாற்றினார். விளக்கின் சுவிட்சையும் அப்படியே சரிசெய்தார். கொல்லைப்புறத்துக்குப் பச்சைக் கம்பி புதிதாக இழுத்து எர்த் கொடுத்தார். கீசரின் பாயிண்ட்டை எடுத்துவிட்டு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்சைப் பொருத்தினார். பழைய ராடு குப்பைக்குப் போயிற்று.

மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) ஒன்றும் வைத்தோம். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு பகுதி மனித உடல் வழியாகவோ வேறு வழியாகவோ தரைக்குப் போனால், நொடியின் சிறு பகுதிக்குள் இரண்டு கம்பிகளையும் துண்டித்துவிடும். சுவிட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டல்ல. அதனால்தான் ஆயிரம் முறை சுவிட்சை அணைப்பதைவிட இதை ஒரு முறை பொருத்துவதை நான் மேலானதாக நினைக்கிறேன். ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் பிடித்துவிட்டால் மட்டும் அதனால் வேறுபாடு அறிய முடியாது.

பொருத்திய அன்று மாலை வாசல் விளக்கைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்து மின்சாரம் நின்றது. அதன் நெம்பை மேலே தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. கருவி பழுது என்று அப்பா முடிவுக்கு வந்தபோது, வயர்மேன் வாசல் விளக்கின் கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். அதற்கு நியூட்ரல் கம்பி கிட்டாததால் யாரோ எர்த் கம்பியையே திரும்பும் வழியாகக் கட்டியிருந்தார்கள். அந்த விளக்கு எரிந்த ஒவ்வோர் இரவும் வீட்டின் எர்த் கம்பியில் மின்னோட்டம் ஓடியிருக்கிறது. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று சொல்லிக் கழற்றிப் போடும் வீடுகளில், அது இப்படி ஏதாவது ஒன்றைத்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

சிக்கனத்துக்காகச் செய்தவை குறைவு. ஸ்டெபிலைசர்களின் சுவிட்சுகளைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கினோம். ஏசி தேவைப்படும் இரவில் மட்டும் போடுகிறார்கள். யூபிஎஸ்ஸும் ஹோம் தியேட்டரும் பயன்படுத்தும்போது மட்டும் சொருகப்படுகின்றன. செட்டாப் பாக்ஸை எப்போதும் அணைத்து வைக்க அம்மா ஒப்பவில்லை; இரவு எட்டு மணி நேரத்துக்கு மட்டும் அணைப்பது என்று முடிவாயிற்று. அதில் இரண்டு மாதத்துக்கு 4 யூனிட் மிஞ்சும். பிரிட்ஜையும், இரவில் தங்கைக்கு வேண்டியிருக்கும் வைஃபை பெட்டியையும் யாரும் தொடுவதில்லை. மாற்றங்களுக்குப் பிறகு முழுதாக வந்த முதல் கட்டணக் காலம் கோடை தொடங்கிய மார்ச், ஏப்ரல் என்பதால் அதன் யூனிட்டை இதனோடு ஒப்பிடுவது முறையாகாது. எனவே பிப்ரவரியில் ஓர் இரவு, எல்லோரும் படுத்த பிறகு, பிரிட்ஜின் மோட்டார் நின்றிருந்த நேரம் பார்த்து, மின்விசிறிகளைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு மீட்டரின் சிமிட்டலை எண்ணினேன். வைஃபை பெட்டியும் சேர்த்து வீடு எடுத்தது 12 வாட். ஜனவரியில் அதே முறையில் எண்ணியபோது அது 48.

அப்பாவின் இரவுச் சுற்று இப்போதும் நடக்கிறது. வழி மட்டும் மாறியிருக்கிறது. காலி பாயிண்ட்டுகளை அவர் தாண்டிப் போகிறார். டிவி மேசைக்குக் குனிகிறார், அயர்ன் பாக்ஸின் பிளக் வெளியே கிடக்கிறதா என்று பார்க்கிறார். மாதத்தின் முதல் நாள் காலையில் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்து, நாட்காட்டியில் குறித்து வைக்கிறார். மாடியின் இரண்டு பழைய போர்டுகளுக்கு இன்னும் எர்த் கம்பி இழுக்கவில்லை. சுவரை உடைக்க வேண்டியிருப்பதால் வெள்ளையடிக்கும்போது செய்வதாக வைத்திருக்கிறோம். அதுவரை அந்த இரண்டு பாயிண்ட்டுகளிலும் உலோக உடல் கொண்ட எதையும் சொருக வேண்டாம் என்று அப்பா தம் கையால் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்.